கரடிப்பாறை ஜீப்பின் செல்ஃப் மோட்டார்

எங்கள் கரடிப்பாறையில் ஒரு செல்ஃப் மோட்டார் என் குரலில் பேசியது. இதை நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. கேட்டவர்கள் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு என் ஜீப்பில்தான் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள், சந்தேகம் இருந்தால் அவர்களை விசாரித்துக்கொள்ளலாம். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்த இரும்பு பேசிய பேச்சு என் மானத்தை வாங்கியது. அதை நானே என் வாயால் சொல்லிவிட்டால் கொஞ்சமாவது நிமிர்ந்து நடக்கலாம் என்று நினைத்தேன், அதுவும் நடக்கவில்லை.

என் பெயர் காசிமாயன். ஜீப் என்னைவிட இரண்டு வயது மூத்தது. சாவியைத் திருகியதும் இன்ஜினை முதல் சுற்று சுற்றிவிடுகிற உருளைக்குத்தான் செல்ஃப் மோட்டார் என்று பெயர். அது செத்துப்போனால் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். என் வண்டியில் அது ஏழு வருஷமாகச் செத்துக் கிடந்தது. ஏழு வருஷமாக நான் எங்கே போனாலும் இறக்கத்தைப் பார்த்தே வண்டியை நிறுத்தினேன், ஏழு வருஷமாகத் தோட்டத்துப் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க, தவசி அண்ணன் ஒருவரே பின்னால் நின்று தோள் கொடுத்துத் தள்ளினார், மழைக்காலத்தில் சேற்றில் வழுக்கி முழங்காலில் விழுந்து எழுந்து தள்ளினார், பனிக்காலத்தில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருமி இருமித் தள்ளினார், வண்டி உறுமிக் கிளம்பியதும் ஓடி வந்து பின்படியில் தொற்றிக்கொண்டு "போலாம்ப்பா" என்றார். அவர் முகம் தெரியக் கூடாது என்று நான் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தேன்.

அது செத்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், தவசி அண்ணனின் மனைவி முத்துப்பேச்சிக்கு எட்டாம் மாசத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. அவர் ஓடி வந்தார். "காசி, வண்டிய எடுப்பா. பேச்சிக்கு நிக்காமப் போகுது" என்றார். ஊரில் இருந்தது என் வண்டி ஒன்றுதான். அன்று காலையில்தான், கங்காணி மகள் கல்யாணத்துக்கென்று, சீட்டுக்கெல்லாம் புது ரெக்ஸின் போட்டு வந்திருந்தேன். மெரூன் நிறம், ஓரத்தில் வெள்ளைப் பட்டி, மூன்றாம் நாள் பொண்ணும் மாப்பிள்ளையும் அதில் ஏறி இறங்க வேண்டும். நாலு பேர் பேச்சியைப் போர்வையில் தாங்கி வருவதைப் பார்த்தேன். போர்வையிலிருந்து சொட்டுவதையும் பார்த்தேன். பானெட்டைத் திறந்து குனிந்து, செல்ஃபுக்குப் போகிற சின்ன வயரை விரலால் பிடுங்கினேன்.

பிறகு சாவியைத் திருகிக் காட்டினேன். "செல்ஃப் போயிருச்சுண்ணே" என்றேன். தள்ளிப் பார்க்கலாம் என்றார்கள். "பல்லு உள்ள மாட்டிக்கிச்சு, தள்ளுனாலும் அசையாது" என்றேன். அப்படி ஒரு கோளாறு உண்மையிலேயே உண்டு, செல்ஃபின் பல் இன்ஜினின் பல்லோடு சிக்கிக்கொண்டால் பத்து பேர் தள்ளினாலும் இன்ஜின் சுற்றாது. ஊரில் அது தெரிந்தவர் தவசி அண்ணன் ஒருவர்தான், அவர் முன்பு எஸ்டேட் டிராக்டர் ஓட்டியவர். தெரிந்ததால்தான் மறுபேச்சு இல்லாமல் நம்பினார். போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், கீழே ஆஸ்பத்திரிக்குப் பதினோரு கிலோமீட்டர், எட்டாவது வளைவில் பேச்சியும் வயிற்றுப் பிள்ளையும் முடிந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் வயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருகினேன். செல்ஃப் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு வண்டியைத் தள்ளிக் கிளப்பினார்கள். மாட்டியிருந்த பல் விட்டுக்கொடுத்துவிட்டது என்று சொன்னேன், அதையும் நம்பினார்கள், சீட்டு ரொம்ப அழகாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். துக்கம் விசாரிக்கப் போனபோது தவசி அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒன் மேல என்னப்பா தப்பு, வண்டி சதி பண்ணிருச்சு" என்றார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே என் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றார்.

இந்த வருஷம் சாரல் தொடங்கியபோது அவர் முழங்கால் வீங்கிவிட்டது. "இனிமே என்னால ஏலாது காசி. செல்ஃபச் சரி பண்ணிருவோம்" என்று சொல்லி, அவரே கம்பம் டவுனுக்குப் போய் மைதீன் பாயைக் கூட்டி வந்தார். மைதீன் பாய் செல்ஃபும் டைனமோவும் மட்டும் பார்க்கிறவர், வேறு எதையும் தொடமாட்டார், வண்டிக்கு அடியில் படுத்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கமாட்டார். முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். செல்ஃபைப் பிடித்திருந்தவை இரண்டே போல்ட், ஒன்று உடனே வந்தது, மற்றது துருவேறி இறுகிக் கிடந்தது. அது உடைந்து உள்ளேயே நிற்கட்டும் என்று நான் மனசுக்குள் மலைக் கருப்பனை வேண்டினேன். பாய் அதன்மேல் டீசலை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினார், போல்ட் பூப்போல வந்துவிட்டது. "பிடிங்க தம்பி" என்று அடியிலிருந்து நீட்டினார். வாங்கினேன். ஏழு வருஷமாகச் சுற்றாத மோட்டார் என் கையில் சூடாக இருந்தது.

குருவம்மா டீக்கடை வாசலில் துணி துவைக்கிற கல் ஒன்று கிடக்கும். பாய் செல்ஃபை அதன்மேல் வைத்து, உதறாமல் இருக்க இடது காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து கேபிளை எடுத்துத் தொட்டார். செல்ஃப் க்ளக் என்றது. பிறகு என் குரலில், "போயிருச்சுண்ணே" என்றது.

"கார்பன் தேஞ்சிருக்கு" என்றார் பாய்.

"காசி கொரலு" என்றாள் குருவம்மா.

"ஏழு வருசமா தெனம் யாராச்சும் கேக்க, இவனும் போயிருச்சுண்ணே போயிருச்சுண்ணேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்ல. இரும்பும் கேட்டுப் பழகிருச்சு" என்றார் கங்காணி, அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

பாய் உடனே பிரித்துவிடலாம் என்றார், ஊர் விடவில்லை, பக்கத்து எஸ்டேட்காரர்களும் ஒரு தடவை கேட்டுவிடட்டும், ரெண்டு நாள் பொறுங்கள் என்று அவரைக் குருவம்மா கடையிலேயே தங்கவைத்துவிட்டார்கள். ஜனம் வரத் தொடங்கியது. மேலத் தோட்டத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டமாக வந்தார்கள், கீழ்த் தோட்டத்திலிருந்து வேலை முடிந்து வந்தார்கள், கேட்டவர்கள் மறுபடி கேட்க மாமியாரைக் கூட்டி வந்தார்கள், பேட்டரி இறங்கிப்போவதால் வருகிறவர்களே பேட்டரியும் கொண்டுவர வேண்டும் என்று குருவம்மா சட்டம் போட, டிராக்டர் பேட்டரி வந்தது, மாதா கோயில் இன்வெர்ட்டர் பேட்டரி வந்தது, மருந்தடிக்கிற மெஷினின் பேட்டரிகூட வந்தது. பூசாரி வந்து செல்ஃபுக்கு ஒரு கீற்று விபூதி பூசினார், பாய் அதை டீசல் துணியால் துடைத்தார், பூசாரி மறுநாளும் பூசினார். முந்திரிச் செட்டியார், அடகு வைத்த நகை எங்கே என்று கேட்ட பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல அவளை அங்கே கூட்டி வந்து கேபிளைத் தொட்டுக் காட்டினார், "போயிருச்சுண்ணே" என்றது, ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் நாள் பாய் பிரித்தார். நீள ஸ்க்ரூ இரண்டையும் கழற்றி, மூடியைத் தட்டி எடுத்து, உள்ளே இருக்கிற ஆர்மேச்சரை உருவினார்; ஒரு சாண் நீளம், செம்புக் கம்பி சுற்றியது, அதன் நுனியில் செம்புப் பட்டைகள் கரி பிடித்து அட்டக் கறுப்பாக இருந்தன. உப்புத்தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பட்டைக்கும் பட்டைக்கும் இடையிலிருந்த கரியை உடைந்த ரம்பத் துண்டால் கீறி எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தேன். கறுப்பு போகப்போகச் செம்பு மினுங்கியது. காயில்களுக்கு வார்னிஷ் பூசினார், காய வெயில் இல்லை, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தட்டு மேல் வைத்து இரண்டு நாள் காயவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மோட்டாரில் எப்போதும் ஏலக்காய் வாசம் அடித்தது.

மோட்டாருக்குக் கரண்ட் கடத்துகிற பழைய கார்பன் துண்டுகளையே போட்டுப் பூட்டி, பாய் மறுபடி கேபிளைத் தொட்டார். இந்தத் தடவை குரல் தெளிவாக வந்தது. "செல்ஃப் போயிருச்சுண்ணே. பல்லு உள்ள மாட்டிக்கிச்சு, தள்ளுனாலும் அசையாது."

சிரிக்க வாயைத் திறந்தவர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள். ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானத்தில் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் பலர் இந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள். பேச்சுக்குப் பின்னால் வேறு சத்தங்களும் இருந்தன, கோழி கொக்கரித்தது, யாரோ கம்பு வெட்டினார்கள், அதற்கும் அடியில், கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஒரு பெண்குரல் கேட்டது. "ஏங்க, வீட்டச் சாத்துனீங்களா?"

தவசி அண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கா தொடுங்க பாய்" என்றார். பாய் தொட்டார். என் பொய் முழுதாக ஓடி முடிந்தது, பிறகு அவள் கேட்டாள். "சாத்திட்டேன் பேச்சி" என்றார் தவசி அண்ணன்.

அன்றைக்கு அவர் பதில் சொல்லவில்லையாம். பதற்றத்தில் காதில் விழுந்தும் விழாதமாதிரி தூளியைத் தூக்கிவிட்டாராம். அவளுடைய போட்டோ ஒன்று இருக்கிறது, ஆதார் கார்டுக்கு எடுத்தது, குரல் எதிலும் இல்லை. அதனால் தினமும் காலையிலும் சாயங்காலமும் வந்து உட்கார்ந்து கேட்டுப் பதில் சொன்னார், ஊர் அதற்கும் தன்னைப் பழக்கிக்கொண்டது, அந்த நேரத்தில் குருவம்மா ரேடியோவை நிறுத்தினாள், செட்டியார் கடன் பேச வரவில்லை, பெண்கள் தண்ணீர்க் குடத்தைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். ஒரு வாக்கியத்தைக் கேட்க அந்த மனுஷன் என் பொய்யை ஒவ்வொரு தடவையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

"குரல் அமுங்கி வருது பாய்" என்றார் ஒரு நாள்.

"கார்பன் தேஞ்சுபோச்சுல்ல. புதுசு போட்டா எல்லாம் சுத்தமா வரும். முன்னாடி பின்னாடி உள்ளதும் வரும்" என்றார் பாய்.

முன்னாடி உள்ளது என்ன என்று எனக்குத் தெரியும். வயரைப் பிடுங்கியபோது, பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு அப்போது அரையடி தூரத்தில் இருந்தது செல்ஃப் மோட்டார் மட்டும்தான்.

கார்பன் வாங்க நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன். தவசி அண்ணன் வீங்கிய முழங்காலோடு வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார். கம்பத்தில் முதல் கடையிலேயே கிடைத்தது, தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டி, நாலு துண்டு. திரும்பி வரும்போது எட்டாவது வளைவில் வண்டியை நிறுத்தி அதைப் பள்ளத்தில் எறிந்தேன். அது எந்த இடம் என்பது எறிந்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கு வந்து, "பழைய மாடலு, இப்ப வர்றதில்லையாம்ண்ணே" என்றேன்.

மறுநாள் தவசி அண்ணனைக் காணவில்லை. குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறார், நல்ல காலுள்ளவனே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிற பாதை அது. அதற்கு மறுநாள் மத்தியானம், ஒரு கையில் கம்பும் ஒரு கையில் அட்டைப்பெட்டியுமாக ஏறி வந்தார். பெட்டியைப் பாயிடம் கொடுத்தார். கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "முந்தாநாளே ஒனக்கு ஒண்ணு குடுத்தானாம்ல, கடைக்காரன் சொன்னான்" என்றார்.

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாய் எதையும் பார்க்கவில்லை, பழைய கார்பனைக் கழற்றி, புதியதை ஒவ்வொன்றாக ஸ்ப்ரிங்குக்கு அடியில் சொருகி, மூடியைப் பூட்டி, காலால் மிதித்து, கேபிளை எடுத்தார்.

"தொடாதீங்க பாய். நானே சொல்லிர்றேன்" என்றேன்.

சொன்னேன். நல்ல மனசு வந்து சொன்னதாக யாரும் எண்ண வேண்டாம், இரும்பு சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் சொன்னேன், அவ்வளவுதான். வயரை நான்தான் பிடுங்கினேன் என்றேன். பல் மாட்டவில்லை என்றேன். வாங்கிய கார்பனைப் பள்ளத்தில் போட்டதைச் சொன்னேன். "ஏன்?" என்று தவசி அண்ணன் கேட்டார். அன்றைக்குப் பானெட்டுக்குள் சொன்ன அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கோபமாகவோ பகையாகவோ ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "புது சீட்டுண்ணே. ரத்தமாயிரும்னு" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. குருவம்மா என் கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிக்கொண்டு போனாள், அதில் பாதி டீ இருந்தது. கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார், அது அவர் மகள் கல்யாணத்துக்குப் போட்ட சீட்டு.

"தொடுங்க பாய்" என்றார் தவசி அண்ணன்.

பாய் தொட்டார். செல்ஃப் மோட்டார் கர்ரென்று சுற்றியது. புது மோட்டார்கூட அப்படிச் சுற்றாது, அவ்வளவு சுத்தமாக, ஒரு திணறல் இல்லாமல், ஒரு சொல் இல்லாமல் சுற்றியது. என் பேச்சு அதில் இல்லை. கோழி இல்லை, கம்பு வெட்டுகிற சத்தம் இல்லை. தவசி அண்ணன் குனிந்து காதை வைத்தார். இன்னொருக்கா என்றார், இன்னொருக்கா என்றார், பேட்டரி இறங்குகிறவரை பாய் தொட்டுக்கொண்டே இருந்தார், கடைசியில் செல்ஃபும் களைத்து நின்றது.

"அவ பேச்சையும் எடுத்துட்டியே காசி" என்றார்.

அதற்கு மேல் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மறுநாள் காலை செல்ஃபை வண்டியில் மாட்டியாகிவிட்டது, இரண்டு போல்ட்டும் புதியவை, பாய் பஸ் பிடிக்கப் போய்விட்டார். பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் தொட்டபோது தவசி அண்ணன் வந்து கதவுப் பக்கம் நின்றார். "எறங்கு" என்றார். இறங்கினேன். அவர் ஏறி உட்கார்ந்து, கம்பைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "தள்ளு" என்றார்.

நான் பின்னால் போனேன். அவர் தோள் தேய்ந்து தேய்ந்து அந்த இடத்தில் பெயின்ட் போயிருந்தது, என் தோள் அதில் சரியாகப் பொருந்தியது. தள்ளினேன். உள்ளே பதினாலு பெண்கள் எனக்கு முகம் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் பார்வையை எடுக்கவில்லை. கண்ணாடியைத் தவசி அண்ணன் சரியாகத் திருப்பி வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆனது. நல்ல செல்ஃப் உள்ள வண்டியைத் தினமும் ஒருவன் தள்ளிக் கிளப்புகிறான், அதை வெளியூர்க்காரர்கள் பார்த்து "செல்ஃப் போச்சா?" என்று கேட்கிறார்கள், "நல்லாத்தான் இருக்கு" என்று ஊர் சொல்கிறது, வேறு விளக்கம் சொல்வதில்லை. ஆவணியில் தள்ளினேன், ஐப்பசி அடைமழையில் முழங்காலில் விழுந்து எழுந்து தள்ளினேன், மார்கழியில் இருமி இருமித் தள்ளினேன், வண்டி கிளம்பியதும் ஓடிப்போய்ப் பின்படியில் தொற்றிக்கொள்வேன், "போலாம்ண்ணே" என்று சொல்ல வாய் வராது. இத்தனை வருஷம் அவர் எப்படி அதைச் சொன்னார் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். நினைக்க நினைக்கக் கூச்சம் கூடியதே தவிர ஒரு நாளும் குறையவில்லை.

போன வாரம் ஒரு காலை, மூடுபனி, முந்தின இரவெல்லாம் மழை. தோள் கொடுத்து நாலடி தள்ளியிருப்பேன், உள்ளே சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. செல்ஃப் கர்ரென்று எடுத்தது, வண்டி என் தோளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது, நான் சாய்ந்த வாக்கில் சேற்றில் முகம் படிய விழுந்தேன். எழுந்து பார்த்தபோது வண்டி பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. போகவில்லை. ஏலக்காய் வாசத்தோடு புகை விட்டுக்கொண்டு நின்றது.

நடந்து போனேன். பின்படியில் அன்றைக்குப் புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேர் தொங்கினார்கள், இடமில்லை. தவசி அண்ணனுக்குப் பக்கத்தில் முன்சீட்டு காலியாக இருந்தது. மெரூன் மங்கிவிட்டது, வெள்ளைப் பட்டி ஓரத்தில் பிரிந்து தொங்கியது, மற்றபடி ஒரு கறை இல்லை. நான் தலையிலிருந்து கால்வரை சேறாக, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏறு" என்றார்.

"சேறாயிருக்குண்ணே. சீட்டு..." என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

தவசி அண்ணன் பாதையைப் பார்த்தபடியே இருந்தார். "சீட்டுதானப்பா" என்றார். "ஒக்காரு."

உட்கார்ந்தேன்.